ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு: தோட்டத்தில் உற்றுநோக்கலும் ஒளிப்படம் எடுத்தலும்

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டுத் தோட்டங்களில் அன்றாடம் காணக்கூடிய சிறிய பறவைகளுள் ஒன்று. அலகின் நுனியிலிருந்து வாலின் நுனி வரை 10 செ.மீ.க்கும் குறைவான நீளமே கொண்டது. செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை, முருங்கை போன்றவை பூத்திருக்கும் இடங்களுக்கு இது தவறாமல் வரும். நகரங்களில் மொட்டைமாடித் தொட்டிச் செடிகளையும் தேடி வருகிறது. மனிதர் நடமாட்டத்துக்கு ஓரளவு பழகியிருப்பதாலும், ஒரே பூக்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதாலும், பறவை நோக்கலையும் பறவை ஒளிப்படக் கலையையும் புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற பறவையாக இது கருதப்படுகிறது. ஆனால், வீட்டு வாசலிலும் தாழ்வாரத்திலும் கூடு கட்டும் இதன் பழக்கமே இதற்கு ஆபத்தாகவும் அமைவதுண்டு. கைக்கெட்டும் தொலைவில் உள்ள கூட்டைப் படமெடுக்க முனைவது, அக்கூடு கைவிடப்படவோ கொள்ளையடிக்கப்படவோ காரணமாகலாம்.

பெயரும் பரவலும்

இதன் அறிவியல் பெயர் லெப்டோகோமா சைலோனிக்கா. 1766-ல் லின்னேயஸ் இப்பறவையை விவரித்துப் பெயரிட்டார். பெயரின் இரண்டாம் பகுதி இலங்கையைக் குறிப்பது. ஆண் பறவையின் முதுகின் கீழ்ப்பகுதி, அதாவது வால் தொடங்கும் இடத்துக்கு மேலுள்ள பிட்டப் பகுதி, ஊதா நிறத்தில் மினுங்குவதால் தமிழில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் எல்லா வகைத் தேன்சிட்டுகளையும் பொதுவாகத் தேன்சிட்டு என்றே அழைப்பர்.

இந்தியத் துணைக்கண்டத்துக்கே சிறப்பாக உரிய பறவை இது. தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றில் மிகுதியாகவும், கிழக்கிந்தியாவின் சில பகுதிகளிலும் வங்காளதேசத்திலும் காணப்படுகிறது. வலசை போவதில்லை. எனவே ஒரு தோட்டத்தில் வாழும் இணையை ஆண்டு முழுவதும் கவனிக்க இயலும்.

தேன்சிட்டைப் பலர் ஹம்மிங்பேர்டு என்று தவறாக எண்ணுகின்றனர். ஹம்மிங்பேர்டுகள் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்பவை. தேன்சிட்டுகள் நெக்டாரினிடே என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பம் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளது. இரு குழுக்களும் பூந்தேனை உணவாகக் கொண்டதால் நீண்ட அலகு, நீண்ட நாக்கு, மினுங்கும் இறகு ஆகிய ஒற்றுமைகளைத் தனித்தனியே பெற்றன. ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்து குடிக்கும். அந்தரத்தில் நிற்பது அரிது, நின்றாலும் சில நொடிகளே. படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் பறவை எங்கே அமரும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும்.

அடையாளம் காணல்

ஆண் பறவையின் உச்சந்தலையும் தோள்பட்டையும் பச்சை நிறத்திலும், தொண்டையும் பிட்டமும் ஊதா நிறத்திலும் மினுங்கும். முதுகு கருஞ்சிவப்பு. மார்பின் குறுக்கே அதே கருஞ்சிவப்பில் ஒரு பட்டை உண்டு. அதற்குக் கீழே வயிறு பளிச்சென்ற மஞ்சள். பெண் பறவைக்கு இந்த மினுக்கம் இல்லை. மேற்புறம் பழுப்பு கலந்த சாம்பல் நிறமாகவும், தொண்டை வெளிர் சாம்பலாகவும் அல்லது வெண்மையாகவும், மார்பும் வயிறும் மஞ்சளாகவும் இருக்கும். இளம் பறவைகள் பெண்ணைப் போலவே தோன்றும். இரண்டுக்கும் அலகு மெல்லியது, கீழ்நோக்கிச் சற்றே வளைந்தது.

ஒரே தோட்டத்துக்கு வேறு தேன்சிட்டுகளும் வருவதுண்டு. அவற்றைக் கீழ்க்காணும் குறிப்புகளைக் கொண்டு பிரித்தறியலாம்.

ஊதாத் தேன்சிட்டு: இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முழுவதும் கருநீல ஊதா நிறமாக இருக்கும், மஞ்சள் வயிறு இராது. அக்காலம் முடிந்ததும் மினுங்கும் இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போன்ற தோற்றம் பெறும். அப்போது மோவாயிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் எஞ்சி நிற்கும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு இவ்வாறு பருவத்துக்குப் பருவம் உடை மாறுவதில்லை. பெண்களைப் பிரித்தறியத் தொண்டையைப் பார்க்க வேண்டும். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்குத் தொண்டை மஞ்சள், ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண்ணுக்கு வெளிர் நிறம்.

லோட்டன் தேன்சிட்டு: அலகு மற்றவற்றைவிடத் தெளிவாக நீண்டு வளைந்திருக்கும். ஆணின் வயிறு மங்கிய கரும்பழுப்பு. 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரால் வழங்குகிறது.

சிறிய தேன்சிட்டு வகை: மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்கு நெருங்கிய உறவான, அதைவிடச் சிறிய, முதுகு சிவந்த தேன்சிட்டு ஒன்று உண்டு. அதன் பெண்ணுக்குப் பிட்டம் சிவப்பாக இருக்கும்.

கண்ணால் காணும் முன்பே குரல் இப்பறவையைக் காட்டிக் கொடுத்துவிடும். கீச்சென்ற உயர்ந்த சுருதியில் ‘ட்சீ, ட்சீ’ என விட்டுவிட்டு ஒலிக்கும். இலைகளுக்குள் மறைந்து திரியும்போதும் இக்குரல் தொடர்வதால், தோட்டத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

உணவும் அன்றாட நடமாட்டமும்

பூந்தேன் இதன் முதன்மை உணவு. நீண்டு குழாய் போல் சுருண்ட நாக்கால் தேனை எடுக்கிறது. தேன் எடுக்கும்போது நெற்றியிலும் தொண்டையிலும் மகரந்தம் ஒட்டிக்கொள்ள, அடுத்த பூவுக்கு அதைக் கொண்டு சேர்த்து மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறது. ஆனால் எல்லாப் பூக்களிலும் இப்படி நடப்பதில்லை. செம்பருத்தி போன்ற பெரிய பூக்களில் இதழ்களின் அடிப்பகுதியை அலகால் வெளியிலிருந்து துளைத்துத் தேனை எடுத்துவிடும். மகரந்தத் தண்டைத் தொடாமலே தேன் பெறுவதால் இதைத் தேன் திருட்டு என்பர். செம்பருத்திப் பூவின் காம்புப் பகுதியில் சிறு கீறல்கள் தென்பட்டால் அங்கே தேன்சிட்டு வந்து போனதாகக் கொள்ள இடமுண்டு.

சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் இது உண்கிறது. குஞ்சுகளின் வளர்ச்சிக்குப் புரதம் தேவைப்படுவதால், குஞ்சு வளர்க்கும் காலத்தில் சிலந்தி வேட்டை மிகுதியாகிறது. ஜன்னல் ஓரத்தில் உள்ள ஒட்டடையை ஒரு தேன்சிட்டு கொத்திக்கொண்டிருந்தால் அது இரை தேடுகிறதா, கூட்டுக்குச் சிலந்தி நூல் சேகரிக்கிறதா என்று கவனிப்பது நல்ல பயிற்சி. இரை தேடும் பறவை வலைக்கு வலை தாவிக்கொண்டே இருக்கும். நூல் சேகரிக்கும் பறவை அலகில் வெண்பஞ்சு போன்ற கற்றையுடன் ஒரே திசையில் பறந்து செல்லும். அவ்வாறு செல்வது பெண் பறவையாகவே இருக்கும்.

காலையில் அகன்ற இலைகளில் தேங்கும் பனித்துளியிலும் நீர்த்துளியிலும் உடலைப் புரட்டிக் குளிப்பது இப்பறவையின் மற்றொரு பழக்கம். வாழை, கல்வாழை போன்றவற்றின் இலைகளில் இதைக் காணலாம். செடிகளுக்கு நீர் தெளித்த சிறிது நேரத்திலும் குளிக்க வருவதுண்டு.

ஆண் பறவை கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி எனக் கருதித் தாக்குவதும் உண்டு. வண்டியின் பக்கக் கண்ணாடியிலோ ஜன்னலிலோ இது நாட்கணக்கில் தொடர்ந்தால் பறவை வீணாகக் களைத்துப்போகும். இக்காட்சி படமெடுக்க எளிது என்பதற்காக அதை அப்படியே விட்டுவைப்பது முறையன்று. கண்ணாடியைத் துணியால் மூடினால் தாக்குதல் நின்றுவிடும்.

உற்றுநோக்கும் முறை

முதல் சில நாட்கள் கேமரா இல்லாமல் கவனிப்பதே பயன் தரும். தோட்டத்தில் ஓரிடத்தில் 15 முதல் 30 நிமிடம் அசையாமல் அமர்ந்து, பறவை வந்த நேரம், வந்த திசை, முதலில் அமர்ந்த இடம், சென்ற பூக்கள், திரும்பிய நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பூவில் தேன் மீண்டும் ஊற நேரம் பிடிப்பதால், பறவை ஒரு சுற்றாகச் செடிகளைப் பார்த்துவிட்டு இடைவெளி விட்டு மறுபடியும் வரும். நான்கைந்து நாட்கள் குறிப்பெடுத்தால் இந்தச் சுற்று ஓரளவு புலப்படும்.

பல தோட்டங்களில் தேன்சிட்டு பூவுக்கு நேராக வராமல், அருகில் இலையற்ற ஒரு குச்சியிலோ கொடிக்கம்பியிலோ சில நொடி அமர்ந்து சுற்றிலும் பார்த்த பிறகே பூவுக்குத் தாவும். தேன் குடித்த பின் அதே இடத்தில் அமர்ந்து அலகைக் கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும். இந்த இருக்கை எது என்று தெரிந்துவிட்டால், படமெடுப்பதில் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

பைனாகுலர் இருந்தால் 8 மடங்கு பெரிதாக்கும் வகை போதும். தோட்டத்தில் பயன்படுத்துவதற்கு அது எவ்வளவு அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகும் கருவி சிறு பறவைகளுக்கு ஏற்றது. பைனாகுலர் இல்லாமலும் தேன்சிட்டை நோக்க முடியும். கூசும் வெள்ளை, கடும் சிவப்பு உடைகளைத் தவிர்ப்பதும், திடீர் அசைவுகளைக் குறைப்பதும் அதைவிட முக்கியம்.

ஒளியும் இறகின் நிறமும்

ஆண் தேன்சிட்டின் படங்களில் அடிக்கடி காணப்படும் குறை, தலையும் தொண்டையும் வெறும் கருப்பாகத் தெரிவது. இதற்குக் காரணம் கேமராவில் இல்லை, இறகின் அமைப்பில் இருக்கிறது. மஞ்சள் வயிற்றின் நிறம் நிறமியால் ஆனது, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மஞ்சளாகவே இருக்கும். பச்சையும் ஊதாவும் அப்படியல்ல. அவ்விறகுகளின் நுண்ணிழைகளில் மெலனின் துகள்களும் கெரட்டினும் மிக மெல்லிய அடுக்குகளாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து, குறிப்பிட்ட கோணத்தில் குறிப்பிட்ட நிறம் மட்டும் வலுப்பெறுகிறது. சோப்புக் குமிழியில் வண்ணங்கள் தோன்றுவதும் இதே வகையில்தான். கோணம் மாறினால் நிறம் மறைந்து கருமையே மிஞ்சும்.

எனவே சூரியன் படமெடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றால் தலையும் தொண்டையும் ஒளிரும் வாய்ப்பு மிகுதி. பறவைக்குப் பின்னால் சூரியன் இருந்தால் நிறம் தெரியாது. சரியான பக்கத்தில் நின்றாலும், பறவை தலையைத் திருப்பும் ஒரு கணத்தில்தான் தொண்டை பளிச்சிடும். ஆகவே ஒரே ஒரு படம் எடுப்பதைவிடத் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து அவற்றுள் தேர்ந்தெடுப்பது நல்லது. பறவையை அடையாளம் காணும்போதும் இதை நினைவில் கொள்ள வேண்டும். நிழலில் எடுத்த படத்தில் ‘கருந்தலை’ தெரிவதால் அது வேறு இனம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. வயிற்றின் நிறம், அலகின் நீளம் போன்ற மாறாத அடையாளங்களையே நம்ப வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும். நண்பகல் வெயிலில் மஞ்சள் வயிறு வெளிறி, முதுகு இருண்டுவிடும். லேசான மேகமூட்டம் உள்ள நாளில் பெண் பறவையின் மென்னிறங்கள் நன்றாகப் பதிவாகும்.

கருவியும் அமைப்புகளும்

10 செ.மீ. பறவை படச்சட்டத்தில் போதிய அளவு தெரிய, 300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குவியத் தொலைவு கொண்ட லென்ஸ் உதவும். லென்ஸ் மாற்ற முடியாத, அதிக ஜூம் கொண்ட கேமராக்களும் தோட்டத்துக்குப் போதுமானவை. விலையுயர்ந்த கருவி இல்லை என்பது தடையாகாது. பறவையின் இருக்கை தெரிந்தவர் எளிய கேமராவில் எடுக்கும் படம், இருக்கை தெரியாதவர் பெரிய லென்ஸில் எடுப்பதைவிடச் சிறப்பாக அமைவதுண்டு.

ஷட்டர் வேகம்: தேன்சிட்டு ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அமர்ந்திருக்கும் பறவைக்கே 1/1000 நொடி தேவைப்படலாம். தாவும்போதோ சிறகடிக்கும்போதோ எடுக்க 1/2000 நொடி அல்லது அதைவிட விரைவான வேகம் வேண்டும்.

அபெர்ச்சர்: பின்னணி மங்கலாக, எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைக்கலாம். பின்னணி மங்குவதற்கு அபெர்ச்சரைவிடப் பறவைக்கும் பின்னணிக்கும் உள்ள தொலைவே பெரிதும் உதவும். சுவரை ஒட்டிய செடியில் இருக்கும் பறவையைவிட, பின்னால் வெளியுள்ள கிளையில் அமர்ந்த பறவை தெளிவாகப் பிரிந்து தெரியும்.

ஐ.எஸ்.ஓ.: நிழல் மிகுந்த தோட்டத்தில் 800 முதல் 1600 வரை உயர்த்தத் தயங்க வேண்டியதில்லை. சற்றுப் பொடி படிந்தது போன்ற படத்தைப் பயன்படுத்த முடியும், அசைந்து கலங்கிய படத்தைப் பயன்படுத்த முடியாது.

வெளிச்ச அளவு: அடர்ந்த இலைப் பின்னணியில் கேமரா படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கி, மஞ்சள் வயிற்றை வெளிற வைக்கும். அப்போது அரைப் படி குறைக்க வேண்டும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பறவை நிழலுருவாகிவிடும் என்பதால் ஒரு படி வரை கூட்ட வேண்டும்.

ஃபோகஸ்: ஒற்றைப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வைப்பது வழக்கம். கண் தெளிவாக இருந்தால் வாலோ சிறகோ சற்று மங்கினாலும் படம் நிற்கும். ஆணின் கருவிழியைச் சுற்றியுள்ள பகுதி பெரும்பாலும் சிவந்திருக்கும். கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விழுந்தால் படம் உயிர்பெறும். கேமராவைப் பறவையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவருவதும் அவசியம். கீழிருந்து எடுத்தால் வயிறு மட்டுமே தெரியும்.

வீட்டு ஜன்னலை மறைவிடமாகப் பயன்படுத்துவது எளிய முறை. திரையைப் பாதி இழுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்தால் பிரதிபலிப்பு குறையும். கைபேசி மட்டும் உள்ளவர்கள், தெரிந்துகொண்ட இருக்கைக்கு அருகில் கைபேசியைச் சிறு முக்காலியில் பொருத்திக் காணொளிப் பதிவை ஓடவிட்டு உள்ளே சென்றுவிடலாம். அரை மணி நேரப் பதிவில், மனிதர் அருகில் இல்லாதபோது பறவை நடந்துகொள்ளும் விதம் பதிவாகிவிடும். பூச்செடியின் அருகில் இவ்வாறு வைப்பதில் தவறில்லை. கூட்டின் அருகில் வைக்கக் கூடாது.

கூடு

கூடு கட்டுவது பெண் பறவை. ஆண் பெரும்பாலும் உடன் பறந்து திரியும், கட்டும் வேலையில் பங்கு கொள்வதில்லை. நார், காய்ந்த இலை, மரப்பட்டைத் துணுக்கு, விதைகள் ஆகியவற்றைச் சிலந்தி நூலால் பிணைத்து, கிளையின் நுனியிலிருந்து பை போல் தொங்கவிடும். உட்புறம் மென்மையான பஞ்சு இழைகளால் மெத்தையிடப்படும். பக்கவாட்டில் ஒரு சிறு வாசலும், மழை உள்ளே விழாதபடி அதற்கு மேல் ஒரு சிறு கூரையும் இருக்கும். தொங்கும் கம்பி, கொடிக்கயிறு, தாழ்வாரத்து மின்கம்பி ஆகியவற்றிலும் கூடு அமைவதுண்டு.

வெளிப்புறத்தில் குப்பை ஒட்டியது போன்ற தோற்றமே இக்கூட்டின் பாதுகாப்பு. காற்றில் சிக்கிய சருகுக் கொத்து என்று எண்ணிக் காகம் கடந்துவிடும். அதே தோற்றத்தால் மனிதர்களும் ஏமாறுகின்றனர். பொங்கலுக்கு முன் வீட்டை ஒதுங்க வைத்து ஒட்டடை அடிக்கும்போது, தாழ்வாரத்தில் தொங்குவது கூடு என்று அறியாமல் துடைப்பத்தால் தட்டிவிட நேரலாம். இப்பறவை ஆண்டின் பல மாதங்களில் இனப்பெருக்கம் செய்யக்கூடியது என்பதால் எந்த மாதமானாலும் தட்டும் முன் சில நிமிடம் தள்ளி நின்று, பறவை வந்து போகிறதா என்று பார்ப்பது நல்லது.

வழக்கமாக 2 முட்டைகள் இடும். சுமார் 2 வாரத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் 17 நாளளவில் கூட்டை விட்டு வெளியேறும். இரை ஊட்டுவதில் ஆணும் பங்கேற்கும். ஆக, முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம். படமெடுப்பவர் காட்ட வேண்டிய பொறுமையின் அளவும் அதுவே.

கூட்டுப் படங்கள் தீங்கு விளைவிக்கும் விதம்

கூட்டைக் கையால் தொடாதவரை தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. தொடாமலே கூடு அழியும் வழிகள் பல.

முதலாவது, கைவிடுதல். கூடு கட்டும் நாட்களிலும் முட்டையிட்ட முதல் நாட்களிலும் பறவை கூட்டுக்குக் கொடுத்த உழைப்பு குறைவு. அப்போது தொந்தரவு ஏற்பட்டால் அவ்விடத்தை விட்டுச் சென்றுவிடும் வாய்ப்பு மிகுதி. இரண்டாவது, குளிர்வதும் பசியும். தாய் வெளியே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்கிறது அல்லது குஞ்சு பசித்திருக்கிறது. மூன்றாவது, மறைப்பு நீங்குதல். தெளிவான படத்துக்காகக் கூட்டை மறைக்கும் இலைகளை ஒடிப்பதும் கிளையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதும் கூட்டை வெயிலுக்கும் காகம், செம்போத்து, அணில், பூனை ஆகியவற்றின் கண்ணுக்கும் திறந்துவிடுகின்றன. நான்காவது, முன்கூட்டிய வெளியேற்றம். இறகு முளைத்து, இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள், நெருங்கி வரும் உருவத்தைக் கண்டு அஞ்சிக் கூட்டிலிருந்து குதித்துவிடும். தரையில் விழுந்த குஞ்சு பூனைக்கு இரையாகும்.

இவற்றில் பெரும்பாலானவை படமெடுத்தவர் சென்ற பிறகே நிகழ்கின்றன. அதனால் தம்மால்தான் கூடு அழிந்தது என்பதை அவர் அறிவதேயில்லை. தொந்தரவு தரப்படுவதைப் பறவையின் நடத்தை முன்கூட்டியே காட்டும். இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் செல்லாமல் அருகிலேயே தாவிக்கொண்டிருப்பது, இடைவிடாமல் விரைந்து குரல் எழுப்புவது, கூட்டை நோக்கி வந்து பாதி வழியில் திரும்புவது ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே பின்வாங்கிவிட வேண்டும். இத்தனை மீட்டர் என்று எல்லாக் கூடுகளுக்கும் பொருந்தும் தொலைவு கிடையாது. பறவை வழக்கம்போல் உள்ளே சென்று வரும் தொலைவே சரியான தொலைவு.

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, ‘வேட்டை’ என்பதற்குத் தரும் வரையறையில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதும் அடங்கும். இயற்கை ஒளிப்படப் போட்டிகள் பலவும் கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை.

வீட்டிலேயே கூடு இருந்தால் குடும்பத்தினர் வழக்கம்போல் நடமாடுவதால் பறவைக்குத் தொல்லையில்லை. அந்த நடமாட்டத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே அது அங்கே கூடு கட்டியிருக்கும். கூட்டின் முன் நின்று உற்றுப் பார்ப்பதும், ஏணி போட்டு எட்டிப் பார்ப்பதும், ஃபிளாஷ் அடிப்பதும், உறவினர் வரும்போதெல்லாம் காட்டுவதும்தான் தவிர்க்க வேண்டியவை. கூட்டை ‘பாதுகாப்பான’ இடத்துக்கு மாற்றவும் கூடாது. குஞ்சுகள் பறந்த பின்னரும் அதே கூட்டை மறுமுறை பயன்படுத்த வாய்ப்பிருப்பதால் சில வாரங்கள் விட்டுவைக்கலாம்.

கூட்டைத் தவிர்த்தாலும் இனப்பெருக்கக் காலத்தைப் பதிவு செய்ய வழிகள் உண்டு. சிலந்தி நூலோடு ஜன்னல் ஓரத்தில் நிற்கும் பெண், அலகில் புழுவோடு கொடிக்கம்பியில் அமரும் ஆண் ஆகியவற்றைக் கூட்டிலிருந்து விலகிய இடங்களில் எடுக்கலாம். கூட்டை விட்டு வந்த இளம் பறவைகள் சில நாட்கள் பெற்றோரைச் சார்ந்திருக்கும். கிளையில் அமர்ந்து வாய் பிளந்து இரை கேட்கும் அக்காட்சியைத் தொலைவிலிருந்து எடுத்தால் எவருக்கும் தீங்கில்லை.

தோட்டத்தை ஏற்றதாக்குதல்

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அக்குரலைப் போட்டியாளர் வந்ததாக எண்ணி ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலைக்கழியும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பறவை தானே வருவதற்கு ஏற்ற சூழலை அமைப்பதே நிலையான வழி. செம்பருத்தி, இட்லிப்பூ, கல்வாழை, மாதுளை ஆகியவற்றைத் தொட்டியிலும் வளர்க்கலாம். இடமிருந்தால் வாழையும் முருங்கையும் நல்ல தேன் மூலங்கள். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று பூத்திருக்குமாறு பார்த்துக்கொண்டால் பறவை வருவது நிற்காது.

சர்க்கரை நீர் வைப்பதைவிடச் செடி வளர்ப்பது மேலானது. சர்க்கரை நீர் வெப்பத்தில் விரைவில் புளித்துவிடும், சுத்தம் செய்யாத கலத்தில் நோய் பரவும், பூந்தேனிலும் பூச்சியிலும் உள்ள மற்றச் சத்துகள் அதில் இல்லை. பூச்சிக்கொல்லி தெளிப்பதை நிறுத்தினால் குஞ்சுகளுக்கு வேண்டிய புழுவும் சிலந்தியும் தோட்டத்திலேயே கிடைக்கும். வீட்டின் வெளிப்புற மூலைகளில் கொஞ்சம் ஒட்டடையை விட்டுவைப்பதும் கூடு கட்டும் பறவைக்கு உதவியே. படத்துக்கு ஏற்ற இருக்கை வேண்டுமானால், பூச்செடிக்குச் சற்றுத் தள்ளி, காலை ஒளி விழும் பக்கத்தில், ஒரு காய்ந்த குச்சியை நட்டு வைக்கலாம். சில நாட்களில் பறவை அதைப் பயன்படுத்தத் தொடங்கக்கூடும்.

பதிவு செய்தல்

படத்தோடு நாள், நேரம், இடம், பாலினம், பறவை செய்துகொண்டிருந்த செயல், சென்ற செடி ஆகியவற்றைக் குறித்து வைத்தால் அது அழகுப் படம் என்பதைத் தாண்டி ஆவணமாகிறது. எந்த மாதத்தில் எந்தப் பூவுக்கு வந்தது, எப்போது நூல் சேகரித்தது, இளம் பறவைகள் எப்போது தென்பட்டன என்ற விவரங்கள் ஓராண்டுக் குறிப்பேட்டில் சேர்ந்தாலே அந்தத் தோட்டத்துத் தேன்சிட்டின் வாழ்க்கைச் சுழற்சி தெளிவாகும். பள்ளி மாணவர்கள் செயல்திட்டமாகவும் இதைச் செய்யலாம்.

இத்தகைய பதிவுகளை 2002-ல் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் முயற்சியால் தொடங்கப்பட்ட இ-பேர்டு தளத்தில் எவரும் இலவசமாகச் சேர்க்கலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பட்டியலிடுவது பயனுள்ள முறை. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், உலகளவில் பிப்ரவரியில் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பிலும் வீட்டுத் தோட்டத்திலிருந்தே பங்கேற்க முடியும். தேன்சிட்டு போன்ற சாதாரணப் பறவைகளையும் பதிவு செய்வது முக்கியம். அவற்றின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதை அறிய, அரிய பறவைகளின் படங்களைவிட இத்தகைய அன்றாடப் பட்டியல்களே உதவுகின்றன.